16 கிலோவை எங்கே இறக்கி வைப்பது?

கேள்வி: மலையகத் தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் பெக்கோ நடைபாதையில் நோர்வூட்டிலிருந்து அப்புத்தளை வரை தொடர்ந்து நடக்க நினைக்கிறேன். என் எடை 62 கிலோ. பை 16 கிலோ. கூடாரம் 2.8, உறக்கப்பை 1.8, அடுப்பும் பாத்திரமும் 1.1, அரிசி, டின் மீன் என்று உணவு 3.5, தண்ணீர் 3 லீற்றர், இரண்டு ஜீன்ஸ், மற்றவை. இறக்கத்தில் முழங்கால் வலிக்கிறது. இலேசான புதிய பை வாங்கட்டுமா? – ஹட்டன் வாசகர்

பதில்: பையை இப்போது வாங்காதீர்கள். உங்கள் உடல் எடையில் கால்பங்குக்கும் மேல் முதுகில் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆனால் பாரம் பையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ஆளில்லாத காட்டுக்குப் போகிறவர் போடும் பட்டியல் இது. கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் அந்தப் பாதை 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கட்டங்கள் ஊரிலோ தோட்டத்திலோதான் முடிகின்றன. இரவுத் தங்கலை முன்கூட்டியே பேசி வைத்தால் கூடாரம் வேண்டாம். உறக்கப்பைக்குப் பதில் அரைக் கிலோவுக்குள் ஒரு மெல்லிய போர்வை போதும்.

அடுப்பையும் விட்டுவிடுங்கள். பொகவந்தலாவையில் கடையில் ரொட்டியும் சம்பலும் கிடைக்கும்போது அரிசி மூட்டை எதற்கு? டின் மீனைச் சுமந்துகொண்டு மலையேறுவது எனக்குப் புரியாத தவம். டயகமவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளியைக் கடக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு நாள் உணவைக் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே நுழைவாயிலில் பொலித்தீனைச் சோதிப்பார்கள். பொதி கட்டும்போதே கவனியுங்கள்.

தண்ணீர்தான் கொஞ்சம் சிக்கலானது. ஒரு லீற்றர் ஒரு கிலோ, இதில் மாயம் எதுவும் இல்லை. ஒன்றரை லீற்றர் எடுத்துக்கொண்டு வழியில் நிரப்புங்கள். தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடையை, வடிகட்டி இருக்கிறதே என்று நம்பிக் குடிக்க வேண்டாம். நடைப்பயணிகள் கொண்டுபோகும் சாதாரண வடிகட்டி கிருமியைப் பிடிக்கும்; தேயிலைக்குத் தெளித்த களைநாசினியைப் பிடிக்காது. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டிலோ கடையிலோ கொதித்தாறிய நீர் கேட்டு வாங்குங்கள், அப்படியே ஒரு தேத்தண்ணீரும் குடிக்கலாம்.

ஜீன்ஸ் இரண்டும் வீட்டில் இருக்கட்டும். நனைந்த பருத்தி கனக்கும், மலையகத்து மூடுபனியில் காயவே காயாது. விரைவில் உலரும் துணியில் நடக்க ஒன்று, உறங்க ஒன்று. உறங்குவதற்கானது எந்த நிலையிலும் நனையக் கூடாது. தண்ணீர் புகாத துணிப்பைக்குள் வையுங்கள்.

எடை குறைப்பதில் வெறி பிடித்தவர்கள் மழையங்கியையும் கம்பளிச் சட்டையையும்கூட வெட்டிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாதத்தில் உறைபனியும் விழும். அட்டைக் கடிக்கு நீண்ட காலுறையும் ஒரு சவர்க்காரத் துண்டும் போதும், அவற்றுக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. முழங்காலுக்கு ஊன்றுகோல் இரண்டு: கையில் இருக்கும் எடை முதுகில் ஏறாது.

இவ்வளவும் செய்தால் பாரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். மிஞ்சியதைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, அது கொள்ளும் அளவுக்கு 35 அல்லது 40 லீற்றர் பை ஒன்றை அப்போது வாங்குங்கள். வலி அதற்குப் பிறகும் தொடர்ந்தால், புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.