சர்க்கரையில் கள் வராது, தம்பி

மூக்கையூரிலிருந்து மான்செஸ்டர் வந்து இரண்டு மாதம் ஆகிறது, கள் நினைப்பு வாட்டுகிறது, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு அறையிலேயே புளிக்கவைக்கலாமா, போலீஸ் வருமா என்று கேட்டிருந்தாய். நான் சாயல்குடிப் பக்கம். இங்கே வந்து 19 வருடம் ஆகிவிட்டது.

போலீஸ் வராது. வீட்டில் பீர் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்பதை இங்கே 1963-லேயே எடுத்துவிட்டார்கள். நீ குடிக்கலாம், வீட்டுக்கு வருகிறவருக்குக் கொடுக்கலாம். ஒரு பாட்டில்கூட விற்காதே. காய்ச்சி வடிக்கவே வடிக்காதே, லைசென்ஸ் இல்லாமல் அது குற்றம். விசாவில் இருக்கிற பிள்ளை நீ. குவைத்தில் இருக்கும் உன் அண்ணனுக்கும் இந்தக் குறிப்பை அனுப்பாதே, அங்கே மதுவுக்கே தடை.

சரி, கள்ளுக்கு வருவோம். அப்பா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது சின்ன வயதில் என் வேலை. விரலை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். ஒரு இடம் விட்டுப்போனாலும் மறுநாள் பதநீரை மோந்து பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் மரத்திலேயே புளிப்பு ஏற ஆரம்பிக்கும். பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட்டோடு பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை அது. கள்ளின் புளிப்பும் மணமும் அப்படி வருவதுதான்.

கடை ஈஸ்ட்டிடம் அதை எதிர்பார்க்காதே. வெறும் சர்க்கரைத் தண்ணீரில் அதற்கு வேண்டிய நைட்ரஜன் சத்தும் கிடையாது. திணறும், அழுகின முட்டை வாடை அடிக்கும். அதனால் சர்க்கரையை விடு, ஆப்பிள் ஜூஸ் வாங்கு. பொட்டாசியம் சோர்பேட் போட்டதாக இருக்கக் கூடாது, அது ஈஸ்ட்டைப் பெருகவிடாது. லிட்டருக்கு 100 கிராம் போலச் சர்க்கரை அதிலேயே இருக்கிறது. 17 கிராமுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் ஆல்கஹால் என்று கணக்கு வைத்தால் 6 சதவீதம் வரும், போதும். அம்மா கொடுத்துவிட்ட கருப்பட்டி இருந்தால் ஒரு துண்டு கரைத்து ஊற்று. கள் ஆகாது, ஆனால் ஊர் வாசம் லேசாக வரும். பாத்திரத்தைக் கிருமிநாசினியில் கழுவு. ஜூஸில் ஈஸ்ட்டைப் போட்டு, மூடியில் ஏர்லாக் மாட்டு, உள்ளே வரும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய் அது.

கள்ளக்குறிச்சியை நினைத்துப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். 2024-ல் அங்கே உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். ஜூஸைப் புளிக்கவைத்து அப்படியே குடிப்பதில் ஆபத்தான அளவுக்கு அது வராது.

எனக்குப் பயம் பாட்டில்தான். முதல் வருடம் ஐந்தாம் நாளே குமிழி குறைந்துவிட்டது என்று கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, இறுக்கி மூடி, அலமாரியில் வைத்தேன். புளிப்பு முடிந்திருக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று வெடித்தது. அறை முழுக்கப் பெருக்கினோம். காலையில் மகனின் பள்ளிக்கூட ஷூவைத் தட்டினேன், உள்ளேயிருந்து நகத்தளவு சில்லு ஒன்று விழுந்தது. அவன் கால் நுழைக்க இரண்டு நிமிடம் இருந்தது. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ஆகவே குமிழியை நம்பாதே. ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கு, விலை குறைவுதான். ஜூஸில் மிதக்கவிட்டால் அதன் அடர்த்தியைக் காட்டும், தண்ணீருக்கு 1.000, சர்க்கரை கரையக் கரைய அளவு இறங்கும். அளவு 1.000-க்குக் கீழே இறங்கி, மூன்று நாள் மாறாமல் நிற்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் பாட்டில். முதல் தடவை பிளாஸ்டிக் பாட்டிலே போதும், அழுத்தம் ஏறினால் தொட்டதும் தெரிந்துவிடும்.

அறை சின்னது என்றால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, புளிக்கும்போது கரியமில வாயு நிறைய வரும். 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் ஈஸ்ட் மந்தமாகும், ஒரு பழைய போர்வையைச் சுற்று. மூன்று வாரம் கழித்து ருசி எப்படி இருந்தது என்று எழுது, கருப்பட்டி எவ்வளவு போட்டாய் என்பதையும் சேர்த்து.