முதல் செமஸ்டர் முடிந்த கையோடு பல்கலைக்கழகம் மாறலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி: ஆகஸ்டில் டெக்சஸில் இருக்கும் ரிச்சர்ட்சனுக்கு வந்து யூ.டி. டாலஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்தீர்கள், கோயம்புத்தூரில் கூடப் படித்த இரண்டு பேருக்கு அட்லாண்டாவில் இருக்கும், பெரிய பெயருள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது, அதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, அடுத்த ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டருக்கு நாமும் அங்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். போக வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் ஒரே ஒரு நிலைமையில் நானே உங்களைக் கிளம்பச் சொல்வேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இளங்கலையில் மாறுவது வேறு, எம்.எஸ்.ஸில் மாறுவது வேறு. இங்கே விட்ட இடத்திலிருந்து அங்கே போய்த் தொடர முடியாது. எல்லோரையும் போலப் புதிதாக விண்ணப்பம், எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எழுதும் கட்டுரை), பரிந்துரைக் கடிதங்கள், விண்ணப்பக் கட்டணம். நல்ல துறைகளில் பலவற்றுக்கு டிசம்பரிலேயே கடைசித் தேதி வந்துவிடும், அதற்குள் இங்குள்ள பேராசிரியர் எவருக்கும் உங்கள் முகமே சரியாகப் பதிந்திருக்காது. அப்படியே இடம் கிடைத்தாலும், முடித்த பாடங்களில் பொதுவாக 6 முதல் 9 கிரெடிட் வரைதான் (ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட்) ஏற்றுக்கொள்வார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. அடுத்த ஆகஸ்டில் உங்கள் கையில் 18 கிரெடிட் இருக்கும். அதில் மூன்று, நான்கு பாடங்களுக்குக் கட்டிய ஃபீஸும் உழைத்த இரவுகளும் கணக்கில் வராமலே போய்விடும்.

பணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உங்களுக்குக் கிடைத்த 1,000 டாலர் ஸ்காலர்ஷிப்பைச் சின்னத் தொகை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சின்னத் தொகை இல்லை தம்பி. போட்டியில் தேர்வாகி வருடத்துக்குக் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கும் வெளியாட்களுக்கும் உள்ளூர்க் கட்டணம் போட டெக்சஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது, நீங்கள் இப்போது கட்டுவது அந்தக் கட்டணம்தான். அட்லாண்டா போனால் அந்தச் சலுகை இங்கேயே நின்றுவிடும், அங்கே முழு வெளிமாநிலக் கட்டணம். பேங்க் லோனும் இந்தப் பல்கலைக்கழகத்தின் ஐ-20யை (விசாவுக்காகக் காலேஜ் தரும் சேர்க்கைச் சான்று) பார்த்துக் கொடுத்தது. மாறினால் புது ஐ-20, மறுபடியும் சாங்ஷன், தொகை கூடினால் கூடுதல் ஜாமீன். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே பேங்கில் இருக்கிறது என்கிறீர்கள். அடுத்து அப்பா எதைக் கொண்டுபோய் வைப்பார் என்று அவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் மேலே யோசிக்க வேண்டும்.

விசா பக்கம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. செவிஸ் என்று சொல்லும், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவை இந்தக் காலேஜ் அந்தக் காலேஜுக்கு மாற்றிவிடும், எண் அதேதான், அந்தப் பதிவுக்கான ஐ-901 கட்டணம் மறுபடி கிடையாது, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா காலாவதியாகாத வரை அதுவே செல்லும். சிக்கல் வருவது சம்மர் இன்டர்ன்ஷிப்பில். பதிவு கைமாறும் தேதியோடு இங்கே கொடுத்த சி.பி.டி. (படிக்கும்போதே வெளியே இன்டர்ன்ஷிப் செய்யத் தரும் அனுமதி) முடிந்துவிடும், கேம்பஸ் வேலையும் அன்றோடு சரி. எனவே இன்டர்ன்ஷிப் முடிகிற தேதியும் அங்கே வகுப்பு தொடங்குகிற தேதியும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வராத மாணவனுக்கு சி.பி.டி. தருவார்களா என்பதையும் முன்கூட்டியே இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டாக வேண்டும்.

படிப்பு முடிந்த பிறகு? ஓ.பி.டி. (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம், எங்கே படித்தாலும் இதேதான். அதற்கடுத்த வேலை விசாவான எச்-1பியில் அமெரிக்க முதுகலைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய 20,000 இடங்களிலும் பல்கலைக்கழகத்தின் ரேங்க்கை யாரும் பார்ப்பதில்லை.

நான் இங்கே பக்கத்தில் பிளேனோவில் வேலை பார்க்கிறேன், ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. பெரிய பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் அழைப்பு வருவது சுலபமாகும், பெரிய கம்பெனிகள் அந்தக் கேம்பஸைத் தேடி வரும், பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். ஆனால் அறைக்குள் வந்த பிறகு நிலைமை வேறு. போன வருடம் ஒரு பெண் வந்தாள், அதிகம் பேர் கேள்விப்படாத அரசுப் பல்கலைக்கழகம். தன் புராஜெக்டில் ஒரு டேட்டாபேஸ் குவெரி (தேடல்) ஏன் திங்கட்கிழமை காலையில் மட்டும் மெதுவாக இழுக்கிறது என்று கண்டுபிடித்த கதையைப் போர்டில் போட்டுக் காட்டினாள். ஞாயிறு ராத்திரி மொத்தமாக டேட்டா ஏற்றுகிறார்கள், அதற்கப்புறம் ஸ்டாடிஸ்டிக்ஸ் (உள்ளே டேட்டா எப்படி இருக்கிறது என்று டேட்டாபேஸ் வைத்திருக்கும் குறிப்பு) புதுப்பிக்கப்படவில்லை, அதனால் டேட்டாபேஸ் தப்பான வழியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. எந்தக் காலேஜ் என்று அதற்குப் பிறகு நாங்கள் யாரும் ரெஸ்யூமைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சரி, எப்போது போகலாம்? பிஎச்.டி. வரை போகும் எண்ணம் உண்மையாகவே இருந்து, நீங்கள் செய்ய நினைக்கும் ஆராய்ச்சிக்கு இங்கே ஆளே இல்லாமல், அங்கே ஒரு பேராசிரியர் உங்களை லேபில் சேர்த்துக்கொண்டு ஃபண்டிங்கும் தருகிறேன் என்று எழுத்தில் சொன்னால், யோசிக்காமல் கிளம்புங்கள். அப்போது போன கிரெடிட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். உங்கள் கேள்வியில் எந்தப் பேராசிரியரின் பெயரும் இல்லை, எந்த லேபும் இல்லை, நண்பர்களும் சொந்தக்காரர்களும்தான் இருக்கிறார்கள். ஊரில் கல்யாண வீட்டில் "எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்கும்போது அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக இவ்வளவு கடனை அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது.

ஜார்ஜியா டெக் என்ற பெயரே வேண்டுமென்றால் வேலை கிடைத்த பிறகும் வழி இருக்கிறது. 2014-ல் ஆரம்பித்த அவர்களுடைய ஆன்லைன் எம்.எஸ். முழுவதற்கும் ஏறக்குறைய 7,000 டாலர்தான் ஆகும், வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம்.

இப்போதைக்கு ஸ்பிரிங் ரெஜிஸ்ட்ரேஷனில் ஒரு கடினமான பாடமாவது எடுங்கள், அந்தப் பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் ஆபீஸ் நேரத்துக்கு வாராவாரம் போங்கள், தீசிஸ் வழியில் (ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதி எம்.எஸ். முடிப்பது) இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிப்ரவரி கேரியர் ஃபேருக்கு ரெஸ்யூமைத் தயார் செய்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.