வில்லோடு முதல் பன்றி வேட்டை: அந்த 25 டாலர் சீட்டை மறக்காதீர்கள்

கேள்வி: அண்ணா, ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறேன். எச்1பி விசா. ஒன்பது மாதமாக ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த, கப்பி இல்லாத வில்) பழகுகிறேன். ஜனவரியில் நண்பர்கள் மூன்று பேரோடு சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ஒரு தனியார் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறேன். அவர்களுக்குத் துப்பாக்கி, எனக்கு மட்டும் வில். 55 பவுண்டு வில் போதுமா? எங்கே குறிவைப்பது? லைசென்ஸ் வேண்டுமா? "பயமாக இருந்தால் இடுப்பில் ஒரு பிஸ்டல் கட்டிக்கொள், நான் தருகிறேன்" என்கிறார் பண்ணையின் கைடு. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், தம்பி. போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் திக்கென்றது.

பிஸ்டலை வாங்காதீர்கள். எச்1பி, எஃப்1, எல்1 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். கடையில் காசு கொடுத்து வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். இன்னொருவருடையதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாலும் அது 'வைத்திருத்தல்'தான். தண்டனை 15 ஆண்டு வரை போகும். மாணவர் விசா தகுதியை இழந்த ஓர் இளைஞர் புளோரிடாவில் துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தார். அந்த வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருடைய நிலை வேறு, உங்களுடையது வேறு. ஆனாலும் கொஞ்ச நேரம் கையில் பிடித்ததற்கு இவ்வளவு நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தத் தடைக்கு ஒரு விலக்கு உண்டு. பலருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களும் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை. இங்கேதான் வேடிக்கை. தனியார் நிலத்தில், நில உரிமையாளர் சம்மதத்தோடு பன்றியை வேட்டையாட லைசென்ஸே வேண்டாம் என்று 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸ் மாநிலம் சொல்லிவிட்டது. பன்றித் தொல்லை ஒழியட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதனால் பன்றி வேட்டைக்கு வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமல் வருகிறார்கள். விசாக்காரனைக் காப்பாற்றக்கூடிய காகிதம் அதுதான், அதையே "தேவையில்லை" என்று தள்ளிவிட்டார்கள். மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டம் போடுகிறவர்கள் வாஷிங்டனில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு முறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

வில் இந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி ஆகாது. ஆகவே நீங்கள் வில்லோடு மட்டும் நின்றால் இந்தக் கவலையே இல்லை. ஆனால் வேட்டைக்குப் போன இடத்தில் அப்படி நிற்க விடமாட்டார்கள். நண்பர் கம்பிவேலி தாண்டும்போது "இதைக் கொஞ்சம் பிடிடா" என்று ரைஃபிளை நீட்டுவார். வண்டியில் தோட்டாப் பெட்டி உங்கள் காலடியில் கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன்: மாநிலம் வேண்டாம் என்றாலும் லைசென்ஸ் வாங்குங்கள். டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருப்பவருக்குச் சாதாரண வேட்டை லைசென்ஸ் 25 டாலர். அதோடு வில்லுக்கு என்று தனி முத்திரை ஒன்றைக் கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது மான், வான்கோழிக்கான வில் பருவத்துக்கு உரியது, பன்றிக்கு வேண்டாம். லைசென்ஸின் ஆயுள் ஆகஸ்ட் 31உடன் முடியும், எப்போது வாங்கியிருந்தாலும் சரி. 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பும் முடிக்க வேண்டும். 17 வயது தாண்டியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பிஸ்டலை ஆசையோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம். விசா சம்பந்தப்பட்டது, உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் போவது தெற்கு டெக்சஸ். அங்கே ஹாவலீனா என்று ஒரு பிராணி உண்டு. பார்க்கப் பன்றி மாதிரியே இருக்கும், பன்றி அல்ல. கழுத்தில் வெளிறிய பட்டை, வெளியே தெரியாத வால், சிறிய உடம்பு. இது சட்டப்படி வேட்டை விலங்கு: லைசென்ஸ் கட்டாயம், ஒரு பருவத்துக்கு இரண்டுதான் எடுக்கலாம். அந்தி வெளிச்சத்தில் வால் தெரியவில்லை என்றால் அம்பை விடாதீர்கள்.

சரி, வில்லுக்கு வருவோம். 55 பவுண்டு என்று எழுதியிருப்பது நாணை 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. நம்மில் பலருக்கு இழுப்பு 26, 27 அங்குலம்தான் வரும். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும். உங்கள் கையில் அது 50, 51 பவுண்டாகத்தான் இருக்கும். பன்றிக்கு அது தாராளம். எனக்கு உள்ள சந்தேகம் வேறு: ஒன்பது மாதப் பழக்கத்தில் அந்த வில்லை உங்களால் ஆள முடிகிறதா? ஒரு சோதனை சொல்கிறேன். காலையில் எழுந்ததும், உடம்பு சூடாவதற்கு முன், முக்காலியில் உட்கார்ந்து, வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல் நேராக மெதுவாக இழுத்து ஐந்து விநாடி நிறுத்துங்கள். கை நடுங்கினால் அந்த வில் உங்களுக்கு அதிகம். கழற்றி மாட்டும் வில் என்றால் லிம்பை (வளையும் மேல், கீழ் கைகளை) மட்டும் 45 பவுண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், பழையதே மலிவாகக் கிடைக்கும். புதியவனுக்கு 55 பவுண்டு விற்கிற கடைக்காரர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

அம்பு கனமாக இருக்கட்டும். வில்லின் ஒரு பவுண்டுக்குப் பத்து கிரெயின் (அம்பை நிறுக்கும் சிறு எடை அளவு) என்பது குறைந்தபட்சக் கணக்கு. பன்றிக்கு முனையும் சேர்த்து 500 கிரெயினுக்கு மேல் போங்கள். முனை இரண்டே அலகு கொண்ட, அசையாத பிராட்ஹெட், அதாவது வேட்டைக்கான அகன்ற வெட்டு முனை. பட்டதும் விரிகிற வகையை வாங்கவே வாங்காதீர்கள். விரிவதற்கே விசையைத் தின்றுவிடும், நம் வில்லில் அவ்வளவு விசை கிடையாது. முன்கை மயிரைச் சிரைக்கும் அளவுக்குக் கூர் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த முனையை நம்பாதீர்கள், அரத்தில் தீட்டித் தோல் வாரில் இழுங்கள். அதே முனையோடுதான் பழகவும் வேண்டும். பழகும் முனையோடு நேராகப் போகும் அம்பு பிராட்ஹெட் மாட்டியதும் பக்கவாட்டில் போவது சகஜம். அதை டிசம்பரிலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

எங்கே குறிவைப்பது? மானுக்குச் சொல்லிக்கொடுத்த இடத்தை மறந்துவிடுங்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வாக, முன்சப்பைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒளிந்திருக்கின்றன. மானுக்குச் சரியான அம்பு பன்றியின் வயிற்றில் போய் நிற்கும். ஆண் பன்றிக்குத் தோள் மேல் ஒரு கேடயம் வேறு வளர்கிறது. வயது ஏற ஏற, சண்டை போடப் போட, தோலுக்கடியில் கெட்டிப்பட்டுப்போகும் தடித்த சவ்வு அது. என் முதல் ஆண் பன்றியின் கேடயத்தில் அம்பு நான்கு விரற்கடைதான் போனது. பன்றி அம்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது, இரண்டு நாள் தேடினேன். அதனால் முதல் முறை பெரிய ஆண் பன்றி வேண்டாம். முப்பது, நாற்பது கிலோ இளம் பன்றியோ பெண் பன்றியோ போதும், கறியும் அதுதான் நன்றாக இருக்கும். பன்றி உங்களுக்கு முதுகைக் காட்டிச் சற்றே சாய்வாக நிற்கும் வரை காத்திருந்து, அம்பு எதிர்ப்பக்க முன்காலை நோக்கிப் போகிற மாதிரி விடுங்கள். நேர் பக்கவாட்டில் நின்றால், இந்தப் பக்க முன்கால் முன்னே எட்டு வைத்த பிறகு, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். தூரம் 15 கஜம். "இருபத்தைந்தில் அட்டையில் அடிக்கிறேனே" என்பீர்கள். அட்டை நகராது, நாண் சத்தத்துக்குத் துள்ளவும் துள்ளாது.

பழகும்போது நூறு அம்பு விடாதீர்கள். தினமும் ஒரே ஓர் அம்பு, வேட்டைக்குப் போடும் அதே சட்டையில், உட்கார்ந்தபடி. காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த முதல் அம்பு மட்டும்தான்.

இப்போது பண்ணை விஷயம். டெக்சஸ் முழுவதும் பன்றி பன்றி என்று அழுகிறார்கள். பல லட்சம் பன்றிகள், நாசமான பயிர். அடிக்க வருகிறேன் என்றால் ரசீதை நீட்டுகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, அவர்கள் நிலம். நடுவில் வருகிறவர்கள்தான் தொல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, "ஓனர் நம்ம ஆள்தான்" என்பவரிடம் முன்பணம் தராதீர்கள். சட்டம் கேட்பது நில உரிமையாளரின் சம்மதத்தை. அது இல்லாமல் போனால் நீங்கள் அத்துமீறி நுழைந்தவர், கைடைத் தேடினால் கிடைக்க மாட்டார். உரிமையாளரிடமோ அவர் நியமித்த ஆளிடமோ உங்கள் பெயரும் தேதியும் போட்டு ஒரு குறுஞ்செய்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"நிச்சயம் பன்றி கிடைக்கும்" என்று எழுதியிருந்தால் வேலியின் சுற்றளவைக் கேளுங்கள். அனுமதி பெற்ற வேட்டைப் பண்ணைக்கு ஆண் பன்றிகளைக் கொண்டுவந்து விடச் சட்டமே இடம் தருகிறது. சிறிய அடைப்பில் விட்ட பன்றியை அடிப்பதற்குப் பட்டிக்கே போகலாம். அப்புறம், ஒப்பந்தத்தில் "ரத்தம் கண்டால் உங்கள் கணக்கு" என்று ஒரு வரி இருக்கும். காயப்பட்ட பன்றி கிடைக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டும் என்று அர்த்தம். இது நியாயம்தான் என்பேன், கண்டபடி அம்பு விடாமல் இருப்பீர்கள். எடைக்கு எடை விலை ஏற்றும் வரி இருந்தால் மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மிக முக்கியம், மறைவிடம். அந்தப் பண்ணைகளில் பரணும் பெட்டிக்கூண்டும் ரைஃபிள்காரர்களுக்காக வைத்தவை. சோளம் வீசும் ஃபீடர் 80, 100 கஜத்தில் இருக்கும். உங்களுக்கு அது கண்காட்சி. கிட்டத்தில் இருந்தாலும் கூரையைப் பாருங்கள். ஒரு தடவை முழுப் பணம் கட்டிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பத்து கஜத்தில் பன்றி நிற்க, வில்லை இழுத்தேன். மேல் நுனி கூரைத் தகரத்தில் 'டங்' என்று மோதியது. அந்த மாலை அதோடு முடிந்தது. கப்பி வைத்த குட்டை வில்லை நினைத்துக்கொண்டு கைடு கேட்டார்: "காம்பவுண்ட் வில் இல்லையா சார் உங்ககிட்ட?" கூண்டு வேண்டாம். தரையிலேயே, மெஸ்கீட் புதர் ஓரமாக ஒரு முக்காலி போதும். மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம்மூர் சீமைக் கருவேலத்தின் பங்காளி, முள்ளும் அதே குணம். காற்று பன்றியிடமிருந்து உங்களை நோக்கி வரும்படி உட்காருங்கள். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு அபாரம். காற்று திரும்பிவிட்டால் எழுந்து வந்துவிடலாம், அன்றைக்கு எதுவும் வராது.

அம்பு பட்டபின் அரை மணி நேரம் அசையாதீர்கள். பன்றியின் கொழுப்பும் மயிரும் காயத்தை அடைத்துக்கொள்வதால் ரத்தத் தடம் அவ்வளவாக விழாது. அது எந்தப் புதரைத் தாண்டி ஓடியது, கடைசியாகச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். அடர்ந்த முட்புதருக்குள் தவழ்ந்து போக வேண்டாம், கைடு முன்னே போகட்டும். பிஸ்டல் அவர் இடுப்பில் இருப்பது அதற்காகத்தானே.

கறி அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். புருசெல்லா என்ற கிருமி பன்றி ரத்தத்திலிருந்து கைக்கீறல் வழியாக ஏறும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று வாரக்கணக்கில் படுத்தும். அப்படி ஏதாவது வந்தால் மருத்துவரிடம் பன்றி அறுத்ததை மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். ஃப்ரீசரில் வைத்தால் அந்தக் கிருமி சாகாது. கறியின் நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் தொட வேண்டும். நம் வீட்டு வறுவல் அதைத் தாண்டிவிடும். ஆனால் நண்பர்கள் பண்ணையிலேயே கிரில்லில் போட்டு உள்ளே சிவப்பாக நீட்டினால் வாங்காதீர்கள். தோலை உரித்ததும் கொழுப்பு நீல நிறமாக இருந்தால் கறியைத் தொடவே வேண்டாம். அது விஷத் தீவனம் தின்ற பன்றி, அடையாளத்துக்காகவே அந்தத் தீவனத்தில் நீலச் சாயம் கலக்கிறார்கள். அக்கம் பக்கத்தில் யாராவது அந்தத் தீவனம் வைத்திருக்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பண்ணைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.