தொட்டுப் பார்க்கச் சொன்னது எதற்கு?

கேள்வி: அக்கா, எங்கள் சொந்த ஊர் நீலகிரி. இப்போது சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். 14 மாத மகனுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. தினமும் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். நான் வேலைக்குப் போனால் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். "மண்ணீரலே இல்லாமல்கூட எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இதற்கென்ன இவ்வளவு கவலை?" என்கிறார் அவர்.
- ஈசூன் வாசகி

பதில்: மாமியார் சொல்வது பொய்யில்லை. விபத்தில் அடிபட்டு மண்ணீரலை எடுத்துவிட்டு வேலைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. ஆனால் உங்கள் மகன் கதை வேறு.

மண்ணீரல் ஒரு வடிகட்டி. தன் அகலத்தில் பாதிகூட இல்லாத இடுக்கு வழியாகச் சிவப்பணு நெளிந்து வெளியே வர வேண்டும். உங்கள் மகனின் அணுக்களோ ஆக்சிஜன் குறைந்தால் விறைத்து அரிவாளாக வளைந்துவிடும். மண்ணீரலுக்குள் ரத்தம் மெதுவாகத்தான் போகும், ஆக்சிஜனும் குறைவு. மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? கருவிலிருந்து கொண்டுவந்த ஹீமோகுளோபின் முதல் ஆறு மாதம் காப்பாற்றும். அது குறைந்த பிறகுதான் தொல்லை. திடீரென்று அடைத்துக்கொண்டால், உடம்பில் ஓட வேண்டிய ரத்தம் மண்ணீரலிலேயே தேங்கிவிடும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் குழந்தைகள் வார்டில் தாதியாகச் சேர்ந்த புதிது. இரவு ஷிப்டில் ஒரு பிள்ளை அழாமல் சுருண்டு படுத்திருந்தான். அப்பாடா, தூங்கிவிட்டான் என்று போர்த்திவிட்டு நகர்ந்தேன். பின்னாலேயே வந்த மூத்த தாதி அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. வயிற்றில் கை வைத்தார். மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றிப் பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அழாத பிள்ளையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

குளிப்பாட்டிய பிறகு மல்லாக்கப் படுக்க வையுங்கள். தொப்புள் பக்கத்திலிருந்து இடது விலாவை நோக்கி இரண்டு விரலை மெல்ல நகர்த்துங்கள். மாவு பிசைவதுபோல் அழுத்த வேண்டாம். மேலிருந்து ஆரம்பித்தால் வீங்கிய மண்ணீரலின் மேலேயே கை இருக்கும், விளிம்பு தெரியாது. விளிம்பு தட்டுப்பட்டால், ஐஸ்கிரீம் குச்சியின் ஒரு முனையை இடது மார்புக்காம்பில் வைத்து, விளிம்பு வரும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். நாளைக்கு அந்தக் கோட்டை நன்றாகத் தாண்டியிருந்தாலோ, பிள்ளை வெளுத்துத் துவண்டிருந்தாலோ, கிளினிக் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிடுங்கள்.

சில வருஷம் போனால் கைக்கு ஒன்றுமே தட்டுப்படாமல் போகலாம். வீக்கம் வடிந்தது என்று சந்தோஷப்படாதீர்கள். அடைத்து அடைத்துத் தழும்பேறிச் சுருங்கியிருக்கும். பெரிதாக இருக்கும்போதே வேலையை நிறுத்தியிருக்கவும்கூடும். நிமோகாக்கஸ் மாதிரிக் கிருமிகளை ரத்தத்திலிருந்து பிடித்துப்போடுவது அதுதானே? அதற்குத்தான் தினம் இரண்டு வேளை பென்சிலின், கூடுதல் தடுப்பூசிகள். பென்சிலின் கொடுத்த பிள்ளைகளிடம் இந்தத் தொற்று 84 விழுக்காடு குறைந்ததாக 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால், பனடோல் கொடுத்து விடியட்டும் என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இந்தியாவில் இந்த நோயை 1952-ல் முதலில் கண்டறிந்ததே உங்கள் நீலகிரியில்தான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கருக்கால ஹீமோகுளோபின் பொதுவாகக் கூடுதலாகத் தங்கும். அதனால் மண்ணீரல் வளர்ந்த பிறகும் வீங்கியே இருப்பதுண்டு. ஐந்து வயதானதும் நீங்களாகத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம், சிங்கப்பூரில் தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் என்றால் எல்லோருக்கும் தெரியும், இது அபூர்வம். மருத்துவமனைப் பதிவு மேசையில் வேறெதுவும் சொல்வதற்கு முன் "சிக்கிள் செல், காய்ச்சல்" என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் கடிதம் டயப்பர் பையிலேயே இருக்கட்டும். அந்தக் குச்சியை மாமியார் கையில் கொடுத்துப் பழக்குங்கள். பகலெல்லாம் பேரன் அவரிடம்தானே இருக்கிறான்.