யாரிடம் விடுப்புச் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு 31 வயது. சோமனூரில் அப்பாவுடன் சேர்ந்து 16 விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டி வருகிறேன். சிறு வயதிலிருந்தே விண்வெளிக் கதைகள் என்றால் எனக்கு உயிர். எட்டு மாதங்களுக்கு முன்பு ‘ஈவ் ஆன்லைன்’ என்ற இணைய விளையாட்டில் சேர்ந்தேன். முதல் வாரம் முழுவதும் சின்னக் கப்பல் ஒன்றில் விண்கற்களைக் குடைந்து தாது விற்றேன். சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கிய பெரிய கப்பலை, பாதுகாப்புக் குறைந்த பகுதிக்குள் நுழைந்ததுமே ஒருவர் சுட்டு அழித்துவிட்டார். முன்பின் தெரியாத போலந்துக்காரர் ஒருவர் வேறு கப்பல் வாங்கப் பணம் தந்து, தம் குழுவிலும் சேர்த்துக்கொண்டார். அவர்கள் கூடுவது நமக்கு நள்ளிரவுக்குப் பிறகு என்பதால், இரவு ஷிப்டை இப்போது அப்பாவே பார்த்துக்கொள்கிறார். மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் பொறுப்பற்றவன் அல்ல. அக்கா மகனின் காதுகுத்துக்குப் போனபோதுகூட, குழுத் தலைவருக்கு மூன்று நாள் முன்பே விடுப்புச் சொல்லிவிட்டுத்தான் போனேன். இது குழந்தைகள் விளையாட்டல்ல என்று வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் இதே வருத்தம் சீட்டாட்டத்தின் பெயரில் வந்தது, பிறகு ரசிகர் மன்றத்தின் பெயரில் வந்தது, இப்போது கப்பல் ஏறி வந்திருக்கிறது. இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்று நான் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போவீர்கள். கணினியைத் தூக்கிப் பரணில் போடுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

அக்கா மகனின் காதுகுத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனீர்களாம்! குலதெய்வக் கோயில் வாசலில் குழந்தையை மடியில் வைத்து உட்கார வேண்டிய தாய்மாமன் நீங்கள். நம் பக்கத்தில் அந்த மடிக்காக நல்ல நேரமே தள்ளிப்போகும், பகையாளி வீட்டுத் தாய்மாமனுக்கும் தேங்காய் பழத்தோடு ஆள் போகும். அங்கே போவதற்கு, உங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத ஒருவரிடம் அனுமதி கேட்டதை உங்கள் பொறுப்புக்குச் சாட்சியாக எனக்கே எழுதுகிறீர்கள். சாட்சிதான், மறுக்கவில்லை. ஒரு இடத்துக்கு வர முடியாவிட்டால், நம்பியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதே கடிதத்தில் இன்னொரு வரி: “இரவு ஷிப்டை இப்போது அப்பாவே பார்த்துக்கொள்கிறார்.” அவரிடம் எப்போது சொன்னீர்கள்? எத்தனை நாள் முன்பு சொன்னீர்கள்? நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன், சொன்னதாக ஒரு சொல் இல்லை. ஒரு நாள் நீங்கள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, மூன்றாம் நாள் அவர் கேட்பதை நிறுத்தியிருப்பார். குழுத் தலைவருக்குக் கிடைத்த மூன்று நாள் மரியாதை பெற்ற தகப்பனுக்குக் கிடைக்கவில்லை.

நானும் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். தறி ஓடும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்குவோம். ஒரு தறி நின்றால் போதும், விழிப்பு வந்துவிடும். எங்கள் அப்பாரு பாயிலிருந்து எழும்போதே, நின்றது எந்தத் தறி என்று சொல்லிக்கொண்டே எழுவார். பாவில் இழை அறுந்திருக்கும், இல்லாவிட்டால் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்திருக்கும். உங்கள் வீட்டிலும் இரவு இரண்டு மணிக்கு ஒரு தறி நிற்கும். காதில் ஹெட்செட் மாட்டியிருக்கும் உங்களுக்கு அது கேட்காது. மங்கிய கண்ணோடு குழல் விளக்கடியில் குனிந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறவர் யார் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருந்துறையில் இருக்கும் என் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டுக்கொண்டேன். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்து நிறுவனம் ஒன்று இந்த விளையாட்டை 2003 மே மாதம் தொடங்கியது. அழிந்த கப்பல் அழிந்ததுதான், திரும்பி வராது. 2014 ஜனவரியில் அதில் நடந்த போர் ஒன்று ஏறக்குறைய 21 மணி நேரம் நீண்டு, 75 ராட்சதக் கப்பல்கள் அழிந்தனவாம். பேரன் அந்தக் கப்பல்களைப் படம் படமாகக் காட்டினான். எனக்கோ, அந்தப் போர் மூண்ட காரணம்தான் மனதில் நின்றது: அந்த விண்மண்டலத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் பராமரிப்புத் தொகை உரிய நேரத்தில் கட்டப்படாமல் போய்விட்டது. (கரண்டு பில் கட்ட மறந்த வீட்டில் நடக்கிற சண்டைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.)

அவன் சொன்ன இன்னொரு செய்தி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த விளையாட்டில் கப்பலோட்டியின் திறமைகள், கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் தம்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்குமாம். நீங்கள் இல்லாவிட்டாலும் வளர்கிற ஒன்றின் முன்னால் விடிய விடிய உட்கார்ந்துகொண்டு, ஆள் இல்லாவிட்டால் நின்றுபோகிற ஒன்றை வயதானவரிடம் விட்டிருக்கிறீர்கள்.

வீட்டாருக்கு விளையாட்டைப் புரியவைக்கும் வேலையை விட்டுவிடுங்கள். உங்கள் மனைவி அதைப் பற்றி உங்களிடம் விளக்கம் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. என்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்து வருவீர்கள் என்பது மட்டும் தெரிந்தால், அவர் சோற்றை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுப்பார். வாரத்தில் இரண்டு இரவுகளை உங்கள் குழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு என்பதைக் கூட்டாளிகளோடு பேசி முடிவு செய்யாமல், முதலில் மனைவியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மற்ற ஐந்து இரவுகளும் தறிக்குடோனில் உங்கள் ஷிப்டு. கப்பலை இழந்து நின்றபோது கைகொடுத்த அந்தப் போலந்துக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், காரணத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தினமும் மாலை 4.30 மணிக்கு அந்த விளையாட்டின் சர்வரையே சிறிது நேரம் நிறுத்திவிடுகிறார்கள் என்று பேரன் சொன்னான். நாளைக்கு அந்த நேரத்தில் குடோனுக்குப் போங்கள். அப்பா தார்ப் பெட்டியோடு நின்றிருப்பார். தறிச் சத்தத்தில் நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது, வெளியே அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைத்து, இந்த எட்டு மாதமும் சொல்லாமல் எடுத்த விடுப்புக்கு முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, எந்தெந்த இரவு நீங்கள் வருவீர்கள் என்று நாள் பெயரோடு சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.