டாக்காவில் நின்றுபோன கையெழுத்து

கேள்வி: கூட்டணி ஆட்சியில், பதினைந்து இருபது உறுப்பினர்களை வைத்திருக்கும் மாநிலக் கட்சிகள் நாட்டின் வெளியுறவுக் கொள்கையையே முடக்கிவிடுகின்றன. வங்கதேசத்தோடு தீஸ்தா ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தமே சாட்சி. தனிப்பெரும்பான்மை ஆட்சி இருந்தால்தானே அயல்நாடுகளுக்குக் கொடுத்த வாக்கை இந்தியா காப்பாற்ற முடியும்? (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் சாட்சிக்கு அழைத்த தீஸ்தாவே உங்கள் வாதத்துக்கு எதிராகப் பேசுகிறது. 2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்காவுக்குப் புறப்படவிருந்த நேரத்தில், உடன் செல்வதாக இருந்த மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி பயணத்திலிருந்து விலகினார். அவருடைய திரிணமூல் காங்கிரஸ் அப்போது மத்திய அமைச்சரவையில் இருந்த கட்சி. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை; இந்தியாவுக்கு அது பெரிய தலைகுனிவு. இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2014-இலும் 2019-இலும் பாரதிய ஜனதா தனித்தே பெரும்பான்மை பெற்றது. திரிணமூலின் ஒரு வாக்கும் தேவைப்படாத அந்தப் பத்து ஆண்டுகளில் தீஸ்தா ஒப்பந்தம் ஏன் கையெழுத்தாகவில்லை?

சட்டம் தடையாக இல்லை. அயல்நாட்டு ஒப்பந்தங்களைச் செய்வது மத்திய அரசின் அதிகாரம்; அவற்றை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அரசியல் சாசனத்தின் 253-ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் தீஸ்தாவின் நீர் ஜல்பாய்குரி மாவட்டத்துக் கஜல்டோபா அணையைத் தாண்டித்தான் வங்கதேசத்துக்குள் போகிறது. அந்த அணை மாநில அரசின் பாசனத் துறையிடம் இருக்கிறது. அதன் கால்வாயை நம்பி வடவங்க உழவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய மாநில அரசை ஒதுக்கிவிட்டு டெல்லியில் எத்தனை உறுப்பினர்களை வைத்திருந்தாலும் இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நம் கண்முன்னே நடந்தது. அதை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் வருத்தம். 1996-இல் பிரதமராக இருந்த தேவ கௌடாவின் ஐக்கிய முன்னணி அரசு, காங்கிரஸின் வெளி ஆதரவில் நின்ற பல கட்சிக் கூட்டணி; பதினோரு மாதம்கூட அவர் பதவியில் நீடிக்கவில்லை. மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கிய 1975 முதல் இரு நாடுகளுக்கும் இடையே புகைந்துகொண்டிருந்த கங்கை நீர்ப் பங்கீட்டுச் சிக்கலை அந்த வலுவற்ற அரசுதான் தீர்த்தது. வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால், மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவைத் தொடக்கத்திலேயே பேச்சுக்குள் கொண்டுவந்தார். பாசுவின் மார்க்சிஸ்ட் கட்சி அமைச்சரவையில் சேராமல் ஆதரவு மட்டும் கொடுத்துவந்தது. ஆயினும் நவம்பரில் பாசுவே டாக்காவுக்குப் போய்ப் பேசினார். டிசம்பர் 12 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜனவரி முதல் மே வரையிலான நீர்வரத்துக் குறைந்த காலத்தில், ஃபராக்காவுக்கு வரும் நீர் வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ ஆனால் ஆளுக்குப் பாதி என்பது அதன் அடிப்படை. நீரை விட்டுக்கொடுக்க வேண்டிய மாநிலத்தின் முதல்வரே அதைப் பேசி முடித்தார் என்பதால், கொல்கத்தாவில் அதற்கு எதிர்ப்பு வலுப்பெறவில்லை. 2011-இல் மம்தா சொன்ன குறை என்ன? தன்னிடம் முதலில் சொல்லப்பட்ட நீரளவு வேறு, இறுதி வரைவில் இருந்த அளவு வேறு என்பதுதான். இரண்டு அரசுகளும் கூட்டணி அரசுகளே. ஒன்று முதலில் கேட்டது. மற்றது கடைசியில் தெரிவித்தது.

அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டிலும் இதே பிழை நேர்ந்தது. புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் வாஷிங்டனில் கூட்டறிக்கை வெளியிட்டது 2005 ஜூலை 18-இல். அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்துவந்த இடதுசாரிகளோடு அதைப் பேசுவதற்கென ஒரு குழுவைப் பிரணாப் முகர்ஜி தலைமையில் அமைத்தது 2007-இல். அதற்குள் இரு தரப்பும் பின்வாங்க முடியாத இடத்துக்குப் போய்விட்டன. 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள்; அரசு 275-க்கு 256 என்ற வாக்குகளில் பிழைத்தது; அக்டோபரில் உடன்பாடும் கையெழுத்தானது. சுமார் அறுபது உறுப்பினர்களைக் கொண்ட அணியாலேயே தடுக்க முடியவில்லை என்றால், சிறு கட்சிகள் முடக்குகின்றன என்ற குற்றச்சாட்டு எப்படி நிற்கும்?

நமக்கு நெருக்கமான இலங்கை விவகாரத்தையும் பாருங்கள். 2009 மே மாதம் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் சிறப்புக் கூட்டத்தில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தபோது தி.மு.க. கூட்டணியில்தான் இருந்தது. 2013 மார்ச் 19-இல், இலங்கைக்கு எதிரான அமெரிக்கத் தீர்மானத்தில் கடுமையான திருத்தங்களைக் கோரி, 18 மக்களவை உறுப்பினர்களோடு அது வெளியேறியது. இரண்டு நாள் கழித்து அந்தத் திருத்தங்கள் இல்லாமலேயே இந்தியா வாக்களித்தது. 2012-இலும் 2013-இலும் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்ததில் தமிழகத்தின் அழுத்தத்துக்குப் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அப்படி ஒரு பங்கு இருந்ததைக் கேடு என்றும் நான் கருதவில்லை. பாக் நீரிணையில் என்ன நடக்கிறது என்பது டெல்லியைவிட இராமேசுவரத்துக்கு நன்றாகத் தெரியும்.

கங்கை ஒப்பந்தத்தின் முப்பது ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. ஃபராக்காவால் ஆற்றில் வண்டல் சேர்ந்து வெள்ளம் பெருகுகிறது என்று பீகார் நெடுநாளாக முறையிட்டுவருகிறது; 1996-இல் கொல்கத்தாவுக்குக் கிடைத்த இடம் பாட்னாவுக்குக் கிடைக்கவில்லை. புதுப்பிக்கும் வரைவு டாக்காவுக்குப் போவதற்கு முன் இந்த இரு தலைநகரங்களின் மேசைக்கும் போயிற்றா என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.