இடிமழைக் கணிப்பும் வானிலை மாடல்களும்: கேள்வி பதில்

கேள்வி: நேற்றிரவு அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற கணினி வானிலை மாடலில் எங்கள் பகுதிக்கு மேல் கனமழை காட்டியது, இன்று காலை பார்த்தால் அது காணாமல் போய்விட்டது. எதை நம்புவது சார்?

பதில்: இடம் விஷயத்தில் இரண்டையும் நம்பாதீர்கள். அந்த மாடல் பூமியைப் பிரித்துக் கணக்கிடும் ஒரு கட்டம் சுமார் 13 கிலோமீட்டர், இடிமேகத்துக்குள் மேலெழும் காற்றோ சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால் மாடல் அந்த மேகத்தை நேரடியாகக் கணக்கிடுவதில்லை, சுற்றியுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் வைத்துத் தோராயமாக மழையை நிரப்புகிறது. மழைப் படத்தைவிட ஈரம், கேப் (CAPE) எனப்படும் மேலெழும் காற்றுக்கான ஆற்றல், காற்று இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: கேப் 3000 காட்டுகிறது. பெரிய இடிமழை உறுதிதானே?

பதில்: இல்லை. கேப் என்பது மேலெழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல், அவ்வளவே. மேலே ஒரு சூடான அடுக்கு மூடிபோல அழுத்திக்கொண்டிருந்தால் நாள் முழுக்க வெயில் அடித்துவிட்டுப் போய்விடும். அப்புறம் விண்ட் ஷியர், அதாவது தரைக்கும் 6 கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையில் காற்றின் வேகமும் திசையும் எவ்வளவு மாறுகின்றன என்பது. அது பலவீனமாக இருந்தால் பெய்யும் மழையே மேகத்தின் மூச்சை அடைத்துவிடும். வலுவாக இருந்தால் மழை ஒரு பக்கம் விழ, மேலெழும் காற்று இன்னொரு பக்கம் தடையில்லாமல் ஓட, மேகம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெரிய ஆலங்கட்டி வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மேகத்திலிருந்துதான். கேப் 1000 இருந்தாலும் ஷியர் 40 நாட் (knot, காற்று வேக அளவு) என்பதைத் தாண்டினால் நான் கவனமாகிவிடுவேன்.

கேள்வி: அமெரிக்காவின் எச்.ஆர்.ஆர்.ஆர். மாடலில் தனித்தனி மேகமே தெரிகிறதே அண்ணா?

பதில்: தெரியும், 3 கிலோமீட்டர் கட்டம், மணிக்கொரு முறை புதுப்பிக்கிறார்கள். ரேடார் படம் போலவே இருப்பதால்தான் ஆபத்து, பார்ப்பவர் அதை நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார். மேகங்கள் தனித்தனியாக வருமா, வரிசையாகச் சேர்ந்து சூறைக்காற்றாக வீசுமா என்பதை அதில் பாருங்கள். எந்த ஊர், எத்தனை மணி என்பதைத் தேடாதீர்கள்.

கேள்வி: என்செம்பிளில், அதாவது ஒரே மாடலைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பதில், 50-ல் 10 மட்டும் மோசமாகக் காட்டினால் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. தொடக்க நிலையில் சின்ன மாற்றம் போதும், முடிவே வேறாகிவிடும் என்று வானிலை அறிஞர் லோரன்ஸ் 1963-லேயே காட்டிவிட்டார். அதனால்தான் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்கத்தைச் சற்றே மாற்றி மாற்றி 50 முறை ஓட்டுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால் திறந்தவெளி நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க எனக்கு அது போதும்.

கேள்வி: மாடலில் ஒன்றுமே இல்லை, ஆனால் எச்சரிக்கை வந்துவிட்டது?

பதில்: உள்ளே போங்கள். எச்சரிக்கை கொடுப்பவர் ரேடாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் பார்ப்பது சில மணி நேரம் பழைய கணக்கு.